கடைசிப் பெயர்

முதல் வாரம் நாற்பத்தொரு பேர் கை தூக்கினார்கள்.
சொல்லித்தர ரொம்ப நாள் ஆசை என்றார்கள்.
சனிக்கிழமை என்றால் எப்போதும் ஃப்ரீ என்றார்கள்.
மூன்றாம் சனிக்கிழமை ஏழு பேர்.
அதில் ஒருவர் தூங்கிவிடுவார்,
மைக்கை அணைக்காமல்.

குறை சொல்லவில்லை.
சிறுசேரியிலிருந்து கொளத்தூர் வந்து சேர
நானே பத்து மணி ஆக்குகிற ஆள்.
கம்பெனி பஸ்ஸில் போனை மடியில் வைத்து
யாருக்கு யார், எந்த நாள், எத்தனை மணி என்று
கட்டம் கட்டமாக நிரப்புவேன்.
மத்திய கைலாஷில் நிரம்பிய கட்டம்
கிண்டி தாண்டுவதற்குள் காலியாகும்:
"சாரி, இந்த வாரம் மட்டும்."

யார் முகமும் யாருக்கும் தெரியாது.
கேமராவுக்கு டேட்டா போதாது.
சத்தம்தான் அடையாளம்.
நசீம் பேச்சை நிறுத்தினால்
பல்லாவரத்தின் மேல் விமானம் போகிறது.
கோதண்டத்துக்குப் பின்னால் ஒரு குக்கர்,
நான்காவது விசிலுக்கு யாரோ ஓடும் கால்கள்.
ஜெபக்கனி மொட்டைமாடியிலிருந்து பேசுவாள்.
தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவதை
இருபது பேரும் கேட்டுக்கொண்டே
ஒருநாள் லூப் படித்தோம்.
பொறுக்க முடியாமல் எல்லோருமே கத்தினோம்,
"மோட்டாரை நிறுத்தும்மா!"
லூப் எப்போது நிற்க வேண்டும் என்பது
அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

அஞ்சுகம் பத்தரைக்கு மேல் வருவாள்.
தண்டையார்பேட்டை மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிறவள்.
முதலில் ஷட்டர் இறங்கும்.
பிறகு, "அக்கா, இருக்கீங்களா?"
பட்டியல் ஏன் பூஜ்யத்தில் தொடங்குகிறது என்று சொல்ல
நசீம் உதாரணம் தேடித் தடுமாறியபோது
"லிஃப்ட்ல தரைத்தளம் மாதிரியா சார்?" என்றாள்.
"எங்க பில்டிங்ல லிஃப்ட் இல்ல.
ஸ்டான்லி ஆஸ்பத்திரில பாத்தது."

கோடு போட்டால் ரோடு போடுவாள் என்று
யாரைப் பற்றியும் சொல்ல எனக்குப் பிடிக்காது.
இங்கே கோடு போடுவதே பெரும்பாடு.
காற்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளி,
வால் முளைக்காதது.
அவளுக்கு மூன்று இரவு போனது.
ஆறங்குலத் திரையில்
அது புள்ளியா தூசியா என்று
துப்பட்டாவால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாளாம்.

டிசம்பர் மழையில் மூன்று நாள் கரண்ட் இல்லை.
மூடிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.
'இதுவரை உடன் வந்த அனைவருக்கும்' என்று
ஒரு செய்தி எழுதி
அனுப்பாமல் வைத்திருந்தேன்.
பேட்டரி ஒன்பது சதவீதம்.
நான்காம் நாள் டவர் வந்தது.
கொட்டிய செய்திகளுக்கு நடுவே
ஏற்றுக்கொள்ளலாமா என்று கேட்டு ஒரு திருத்தம்.
அஞ்சுகம்.

எங்கள் சேர்க்கைப் படிவத்தில் இரண்டாவது பெட்டி:
கடைசிப் பெயர். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
அதை நிரப்பாமல் யாரும் உள்ளே வர முடியாது.
எங்கிருந்தோ எடுத்து நான்தான் ஒட்டினேன்,
யோசிக்காமல்.
அதில் யார் யார் என்ன எழுதினார்கள் என்று
லூப் போட்டு எண்ணியிருக்கிறாள்.
பதினெட்டுப் பேர் அப்பா பெயர்.
ஆறு பேர் ஒற்றை எழுத்து.
நான்கு பேர் வெறும் புள்ளி.
ஒருவர், 'தெரியவில்லை'.
ஜெபக்கனியின் கடைசிப் பெயர் ஜெபக்கனி.

அவள் மாற்றியது ஒரே ஒரு வரி.
'கட்டாயம்' என்றிருந்ததை எடுத்துவிட்டாள்.
கீழே குறிப்பு:
"எனக்கு ஒரு பேர்தான் அக்கா. அதுவே போதுமா இருக்கு.
ஓட்டிப் பாத்துட்டேன். எதுவும் உடையல."

நானும் ஓட்டிப் பார்த்தேன்.
மூன்று முறை.
சார்ஜர் தேடி எழுந்தபோது
பக்கத்து வீட்டு மிக்ஸி ஓட ஆரம்பித்திருந்தது.

அடுத்த சனிக்கிழமைக் கட்டத்தில்
சொல்லித்தருபவர் பக்கம்
பத்தரைக்கு மேல் என்று குறித்து
அவள் பெயரை எழுதி ஒரு கேள்விக்குறி போட்டு
அனுப்பியிருக்கிறேன்.

பதில் இன்னும் வரவில்லை.
கடை நேரம்.